ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம்

பாப்பாவுக்குத் துண்டு எடுக்கப் பையைத் திறந்தேன். கொசுவிரட்டிக் களிம்பின் வாடை குப்பென்று அடித்தது. போட்ஸ்வானாவிலிருந்து திரும்பிப் பத்து நாளாகிறது, பையை இன்னும் துவைக்கவில்லை. அந்த வாடை எனக்கு எப்போதும் நீதான், சிநேகிதி. வருடத்துக்கு மூன்று தடவை ஆட்களை ஆப்பிரிக்கக் காட்டுக்குக் கூட்டிப்போய் வருவாய். வந்ததும் என்னைக் கட்டிக்கொள்ளும்போது உன் கழுத்தில் இதுதான் மணக்கும்.

நீ இருந்தவரை உனக்கு இரண்டு வரிகூட எழுதியதில்லை. இப்போது ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா மடியில் தூங்குகிறாள். உடம்பு சுடுகிறது. எழுதாமல் சும்மா இருந்தால் நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருப்பேன்.

பயணக்காரர்களுக்கு நீ கையால் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுப்பாயே, ஒரு பக்கக் குறிப்பு, அதை வைத்துத்தான் நானும் போனேன். பாப்பாவின் அப்பாவுக்குப் போட்ஸ்வானாவில் வேலை. நானும் பாப்பாவும் மட்டும் விமானம் ஏறினோம். பிறப்புச் சான்றிதழும் கூட வராத தகப்பனின் சம்மதக் கடிதமும் பெட்டிக்குள் வேண்டாம், கையில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். இறங்கியதும் அதைத்தான் கேட்டார்கள். நீலமும் கறுப்பும் கடிக்கிற ஈயை இழுக்கும் என்றிருந்தாய். பாப்பாவின் நீலக் கவுன் வீட்டிலேயே தங்கிவிட்டது. காட்டுக்குள் இருக்கும் கூடாரங்களில் மூன்று வயதுப் பிள்ளையைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, முன்னாலேயே கேள் என்றிருந்தாய். கேட்டு, ஆற்றங்கரை விடுதி ஒன்றைப் பிடித்தோம்.

உன் அலுவலகத்துக்குக் கொத்தமங்கலத்திலிருந்து ஒருவர் ஆளுயரப் பெட்டியோடு வந்தாரே, நினைவிருக்கிறதா?

"அண்ணே, அது சின்ன பிளேன். துணிப்பைதான் ஏறும்."

"பையத் தூக்கிட்டுப் போனா நம்மள என்னத்தா மதிப்பாக?"

"அங்குட்டு யானையும் சிங்கமும்தான் இருக்கு. அதுக ஒங்க பெட்டியப் பாத்தா மதிக்கப் போகுது?"

அவரே சிரித்துவிட்டார். போகும்போது, "ஆப்பிரிக்காதான, ஸ்வெட்டர் எதுக்கு?" என்று ஆரம்பித்தவரை மறுபடி உட்காரவைத்தாய். அங்கே ஆனி, ஆடிதான் குளிர்காலம், விடியற்காலை ஜீப்பில் பல் கிட்டித்துப்போகும் என்றாய். உண்மைதான். நான் பாப்பாவுக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டும் அவள் என் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

ஒரு சாயங்காலம் படகுக்கு முன்னால் யானைக்கூட்டம் ஆற்றைக் கடந்தது. குட்டியைப் பெரியவை நடுவில் விட்டு நீந்தின. எல்லாரும் கேமராவைத் தூக்கினார்கள். நான் பாப்பாவின் கணுக்காலில் கொசு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

உன் குறிப்பின் கடைசி வரிக்கு நீயே அடிக்கோடு போட்டிருந்தாய். மலேரியா தடுப்பு மாத்திரை, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம்; கிருமி உடம்பில் தங்கியிருக்கும். அப்புறம் காய்ச்சல் வந்தால், எங்கே போய்வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஊருக்கெல்லாம் சொன்னவள் நீ. தேவகோட்டையில் உன் தம்பி கல்யாணத்துக்கு இறங்கிய அன்றே மாத்திரையை நிறுத்தினாய். "வீட்டுக்கு வந்தாச்சுல்லடி, இங்க என்ன வரப்போகுது?" என்று என்னிடம் சிரித்தாய். பந்தக்கால் நட்ட மறுநாள் உனக்குக் காய்ச்சல். கல்யாண வீட்டில் நோய் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பார்கள். அதனால் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படியேறும்போதே என் கையைக் கிள்ளினாய்.

"ஆப்பிரிக்கான்னு வாயத் தொறந்துராதடி. சம்பந்தி வீட்டுக்காரக காதுல விழுந்தா, நோயக் கொண்டாந்துட்டா நாத்தனாக்காரின்னு காலத்துக்கும் சொல்லுவாக."

டாக்டர் கேட்டார். "வெளியூரு எங்கயும் போனீகளா?"

"சென்னைக்குப் போனேன் சார்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். தாலி கட்டி நாலாம் நாள் நீ இல்லை. நான் சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா, தெரியாது. சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

இன்று காலை பாப்பாவின் காய்ச்சலைப் பார்த்ததும் மாமியார், "நம்ம ஊருக்கு வந்து பத்து நாளாச்சு. அந்தக் கசப்பு மாத்திரதான்த்தா பிள்ளையப் போட்டு வாட்டுது, நிறுத்திட்டுக் கசாயம் குடு" என்றார். நாலு வாரம் கொடுக்கவேண்டும் என்று மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. நான் நிற்கவில்லை.

இங்கே பேர் எழுதும் பெண், "என்ன டெஸ்டுக்கா?" என்றாள். கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டேன். "மலேரியாவுக்கு. ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கோம்." பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பேரனை இழுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டார். இதற்குத்தான் நீ பயந்தாய், இல்லையா? கூசத்தான் செய்தது.

முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லையாம். ஒருமுறை பார்த்தால் போதாது, காய்ச்சல் விடாவிட்டால் நாளைக்கும் வரச் சொல்கிறார்கள். வருவேன். நாளைக்கு வேறு பெண் இருந்தால் அவளிடமும் முதலிலிருந்து சொல்வேன், எங்கிருந்து வந்தோம், எத்தனை நாளாயிற்று என்று.