லேகியத்தின் நிறம்

பிப்ரவரி 4
இருமல், ஏழாவது வாரம். பதிவேட்டு அறைத் தூசு என்று சொல்லி வருகிறேன். என்னைவிட ஒன்பது வயது இளையவன், என்னைத் தாண்டி மேலாளரானவன், என் மேசையை ஜன்னலோரம் தள்ளிப் போடச் சொன்னான். அக்கறையாம்.

பிப்ரவரி 6
மனைவி ஆடாதோடை லேகியம் கொண்டுவந்தாள். வேளைக்குச் சுண்டைக்காய் அளவு. அவள் அண்ணனின் மூலிகைக் கடைச் சரக்கு. எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். கல்யாணத்தன்று நான் மாடியேறி மூச்சு வாங்கியதைப் பார்த்து, பத்துப் பேர் முன்னால், "மாப்பிள்ளைக்குப் படிப்பு ஜாஸ்தி, மூச்சு கம்மி" என்று சிரித்தவர். இருபத்திரண்டு வருடமாகிறது. மறக்கவில்லை.

பிப்ரவரி 13
தொண்டை கொஞ்சம் இளகுகிறது. ஒப்புக்கொள்ள மனமில்லை. சாயங்காலமானால் உடம்பு கணகணக்கிறது. இவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் காதுக்குப் போகும்.

பிப்ரவரி 19
சளியில் சிவப்பு.

பிப்ரவரி 20
மறுபடியும். லேகியத்தில் சாயம் கலக்கிறார் — வேறென்ன? கைக்குட்டையை மடித்து வைத்திருக்கிறேன். அத்தாட்சி.

பிப்ரவரி 22
கடையில் கூட்டமுள்ள நேரமாகப் பார்த்துப் போனேன். மேசைமேல் கைக்குட்டையை விரித்தேன். "என்ன சாயம் போடுறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஜாடியிலிருந்து ஒரு விரல் லேகியம் எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்தார். தார் மாதிரிக் கறுப்பு.

"இதுல சிவப்பு எங்கேருந்து வரும் மாப்பிள்ளை?" பிறகு, குரலைத் தணித்து, "சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா?"

நான் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தேன்.

"இது என் மருந்துக்கு அடங்குற இருமல் இல்ல. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

பாதி கட்டிய பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இழுத்தார். "அண்ணே, என் திப்பிலி?" என்றாள் ஒரு பெண். "நாளைக்கு வாம்மா."

எனக்குத் தெரியாதா? பதினாறு நாள் அதே ஜாடியில் கைவிட்டவன்தானே நான். கறுப்பு கறுப்புதானே? பயம். அதைத் தூக்கி அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். சே.

பிப்ரவரி 25
காசநோய். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக் கூடாது. மனைவிக்கும் பரிசோதனை. காலையிலிருந்து ஒரே கேள்வி கேட்கிறாள்: "என்கிட்ட ஏன் சொல்லல?"

பிப்ரவரி 27
அவளுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 3
கடை திறக்கப் போகும் வழியில் தினமும் வந்துவிடுகிறார். நான் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார். என்னை நம்ப மாட்டாராம்.

"ஆ காட்டுங்க மாப்பிள்ளை. நாக்கைத் தூக்குங்க."

தூக்கினேன்.