ஒன்றுக்கு அப்புறம் நாலு

கூட்டேரிப்பட்டு
ஆடி 5

அன்பு மகன் பூவரசனுக்கு அம்மா எழுதுவது. நீ சிங்கப்பூரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே கவிதா நன்றாக இருக்கிறாள், மாடு நன்றாக இருக்கிறது, நான் இருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சைட்ல இருக்கேன்மா அப்புறம் கூப்புடுறேன் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, முடிகிற வரைக்கும் அது பேசும். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

உங்கப்பாவுக்குப் பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. நீ மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு பிளேன் ஏறிவிட்டாய், லீவு இல்லை என்றாய், சரி. உன் சித்தப்பா விருத்தாசலம்தான் மொட்டை போட்டுக்கொண்டு எல்லாம் செய்தார். உன் தங்கச்சி கவிதா வானூரிலிருந்து வந்து கூட இருக்கிறாள், அவள் மாமியார் எப்போது வருவாய் என்று இரண்டு தடவை கேட்டு அனுப்பிவிட்டார். மல்லாட்டைக் கொல்லையில் களை முழங்கால் உயரம் நிற்கிறது. மண்வெட்டியைப் பார்த்தால் எனக்குக் கை வரவில்லை.

திண்டிவனத்துப் பாத்திரக்கடை வேலையை உங்கப்பா எடுத்தபோதே எனக்குப் பயம். மேலே மூன்று மாடி நிற்கிறது, ஜனம் குக்கர் வாங்கிக்கொண்டு இருக்கிறது, அதற்கு அடியில் குடோன் வேண்டும் என்றால் எப்படித் தோண்டுவது என்று கேட்டேன். புயல் மழையில் நம் வீட்டில் தண்ணீர் ஏறினபோது பீரோவுக்கு அடியில் செங்கல் வைத்தோமே, ஒரு காலுக்குக் கல்லைச் சொருகி அது நின்ற பிறகுதானே அடுத்த காலைத் தூக்கினோம், அதே வேலதான்டி என்றார். பழைய சுவருக்கு அடியில் மூன்று மூன்று அடியாகக் கட்டம் பிரித்து, பாண்டிச்சேரியிலிருந்து வரும் இன்ஜினியர் காவியால் நம்பர் எழுதி வைத்திருந்தாராம். பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தைத் தொடவே கூடாது. ஒன்றுக்கு அப்புறம் நாலு, அப்புறம் ஏழு. தோண்டின கட்டத்தில் கம்பி கட்டி கான்கிரீட் போட்டு, அது இறுகி, மேலே இருக்கிற சந்தில் கெட்டிக் கலவை அடைத்து, ஒரு வாரம் போன பிறகுதான் பக்கத்துக் கட்டம். நீயும் அதுதான் சரியான முறை என்று போனில் சொன்னாயாம், அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எம்புள்ள ரோட்டுக்கு அடியிலயே ரயில் ஸ்டேஷன் கட்டிக்கினு இருக்கான், இதெல்லாம் அவனுக்கு ஜுஜுபி என்பார்.

அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று உங்கப்பாகிட்ட வேலை செய்த சேரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறான், கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள்தான் ஒன்றாம் கட்டத்தைத் தோண்டி இருந்தார்களாம், கான்கிரீட் இன்னும் போடவில்லை. காலையில் கடைக்காரர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஈசானிய மூலையில் பிடித்த குழியை நடுவில் மேடு விட்டுத் தாண்டினால் குடும்பம் அறுந்துபோகும், வரிசையாகத்தான் வர வேண்டும் என்று அவர் சொல்ல, இரண்டு, மூன்று, நாலு என்று மூன்று கட்டத்துக்கும் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். யார் குடும்பம் என்று அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆடி பொறக்கறதுக்குள்ள குழி முடியணும் ஜல்தி ஜல்தி என்று கடைக்காரர் நிற்கிறார். இன்ஜினியர் சனிக்கிழமைதான் வருவார், போன் போட்டால் எடுக்கவில்லை. வேணாம் மேஸ்திரி, சுவர் உக்காந்துடும் என்று சேரன் சொல்லி இருக்கிறான். இருடா, எம்புள்ளைக்குப் போட்டோ அனுப்பிக்கிறேன், அவன் சொல்லட்டும் என்றாராம் உங்கப்பா. கொஞ்ச நேரத்தில் போனைத் தூக்கிக் காட்டி, பாத்தியா, எம்புள்ள சரின்னுட்டான் என்று சிரித்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையைக் கழற்றி மேலே மாட்டிவிட்டு இறங்கினாராம். மூன்று மணிக்கு சுவர் உட்கார்ந்துவிட்டது.

சேரன் மருந்து மயக்கத்தில் உளறுகிறான் என்றுதான் நான் நினைத்தேன் பூவரசு. நீ அப்படிச் சொல்லி இருக்க மாட்டாய் என்று அவனோடு சண்டை கூடப் போட்டேன். சாவுக்கு வந்தபோதே அப்பா போன் எங்கம்மா, அப்பா போன் எங்கம்மா என்று நீ கேட்டாய். ஞாபகத்துக்குக் கேட்கிறாய் என்று இருந்தேன். அது அப்போது சேரன் வீட்டில் சட்டையோடு இருந்தது. அது என் கைக்கு வந்ததும் யாருக்கும் காட்டாதே, ஆஃப் பண்ணி வை என்றாய். அதனால்தான் சார்ஜ் போட்டேன். எதிர்வீட்டு பானுப்ரியாவைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன்.

படம் இருக்கிறது. மூன்று கட்டமும் குங்குமமும் தெரிகிறது, ஓரத்தில் கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்பதும் தெரிகிறது. அதற்குக் கீழே உங்கப்பா குரல் ஒன்றரை நிமிசம். ஓனரு வரிசையா தோண்டச் சொல்றாரு கண்ணு, எனக்கு மனசு ஒப்பல, தப்புன்னா சொல்லு, ஆளுங்கள ஏத்திக்கினு கெளம்பிட்றேன் என்கிறார். அதற்குக் கீழே நீ அனுப்பின கட்டைவிரல். குரலும் விரலும் ஒரே நேரம் காட்டுகிறது, ஒன்பது பத்து. ஒன்றரை நிமிசப் பேச்சுக்கு ஒரு நிமிசத்துக்குள் பதில் எப்படி அத்தை வரும் என்று அந்தப் பெண் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன வாரம் கடைக்காரர் ஆட்கள் இரண்டு பேர் டைப் அடித்த தாளோடு வந்தார்கள். தெரிஞ்சா படிச்சிக்கோங்க, இல்லன்னா கைநாட்டு வெச்சா போதும், உதவி தேடி வரும் என்றார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், அரை மணி நேரம் ஆனது, அவர்கள் பைக் மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். மேஸ்திரி மாரியப்பன் இன்ஜினியர் சொன்ன முறையை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு நாலு கட்டத்தையும் ஒன்றாகத் தோண்டினார் என்று அதில் இருக்கிறது. இன்ஜினியர் தன் வரைபடத்தைக் காட்டி ஒதுங்கிக்கொண்டார், கடைக்காரர் நான் ஒன்றுமே சொல்லவில்லை என்கிறார், மிச்சம் இருப்பது செத்தவர் ஒருவர்தானே. உன்னிடம் சொன்னேன். போனவரு போய்ட்டாரு, கையெழுத்து போட்டுடும்மா, எம்பேரு வெளிய வந்தா வேலைக்குப் பேஜாரு என்றாய். அஞ்சாவது படித்த நான் படித்துப் பார்க்காமல் விரல் வைக்கவில்லை. இன்ஜினியருக்குப் படித்த நீ வைத்தாய்.

தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வரும் பன்னிரண்டாம் தேதி விழுப்புரத்தில் விசாரணை. சித்தப்பாவோடு போய் போனைக் கொடுக்கப் போகிறேன். அந்தக் கட்டைவிரலை மட்டும் அழித்துவிட்டுக் கொடுக்கலாம் அத்தை, உங்க பிள்ளை பேர் வராது என்றாள் பானுப்ரியா. இரண்டு நாள் யோசித்தேன், பெற்ற வயிறு இல்லையா. வேண்டாம் என்றுவிட்டேன். அதை அழித்தால் அவர் யார் பேச்சையும் கேட்காமல் தானாக இறங்கினார் என்று ஆகிவிடும். அவர் பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். நீ வந்து பக்கத்தில் நின்றால் நில். வராவிட்டாலும் நான் போவேன்.

வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. உன்னை நம்பிக் குழியில் இறங்குகிற ஆட்கள் எல்லாரும் ஏறி வந்து வீடு போய்ச் சேரட்டும், அதுதான் உனக்கு நான் செய்கிற ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே. நீ உங்கப்பா குரலைக் கேட்டால் அதன் பக்கத்தில் இருக்கிற மைக் நீலமாக மாறும் என்று பானுப்ரியா சொன்னாள். தினமும் காலையில் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் மாறவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
மா. அம்சா