மூன்று பிளேடு, நான்கு பிளேடு

டைட்டன் (சனிக் கோளின் நிலவு), வடகடல். படகுப் பதிவு: டெல்சியா, கடல் ஆய்வாளர்.

07:10
புறப்பாடு. மோட்டார் சரி, பேட்டரி நிறைவு. ஆக்சிஜன் 19:00 வரை. இன்று மாட்டியிருப்பது மூன்று பிளேடு புரொப்பல்லர். நிலையத்தில் இருக்கும் ஒரே ஆளான மெக்கானிக் பெர்னத் அண்ணன் நான்கு பிளேடைத்தான் மாட்டச் சொன்னார். "அது மெதுவாப் போவும், ஆனா பிடிச்சுப் போவும் டெல்சி." நேற்று வளைகுடாவில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்று பிளேடு இரண்டு மடங்கு வேகம். என் பிடிவாதம் அவருக்குப் பழக்கம்தான்.

இந்தப் பதிவைப் படிப்பவருக்கு ஒரு குறிப்பு: இந்த மூட்டத்தில் கேமரா உதவாது. கடலுக்கடியில் உள்ள மைக்கில் புரொப்பல்லர் சத்தத்தைக் கேட்டுத்தான் அண்ணன் படகுக் கூடத்தின் கதவைத் திறப்பார்.

11:40
வழியில் நின்று நின்று மாதிரி எடுத்தபடி, நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர். மோட்டார் அலறுகிறது, படகு நகரவில்லை. இங்கே நேற்றிரவு பெய்த மீத்தேன் மழையில் நைட்ரஜன் ஏராளமாகக் கரைந்திருக்கிறது. வேகமாகச் சுழலும் பிளேடு, குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி நுரையைக் கிளப்புகிறது. புரொப்பல்லர் நுரையில்தான் சுற்றுகிறது. வளைகுடாவில் மழை இல்லை. அங்கே சோதித்தது என் முட்டாள்தனம்.

12:05
ரேடியோவில் நிலையம்: "நாலு பிளேடு ஒன் சீட்டுக்கடியில கெடக்கு. நீ வேண்டாம்னாலும் வச்சேன். மாட்டிட்டு வா. பயப்படாத, என்னா?"
அழுதுவிட்டேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

13:55
மாட்டியாயிற்று. குனிந்தபோது படகு சாய்ந்தது. பழைய புரொப்பல்லர் கடலுக்குள் போய்விட்டது. ரேடியோவும் நனைந்தது: அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை. மணிக்கு ஏழரை கிலோமீட்டர். நுரையே இல்லை. 17:55க்குச் சேர்ந்துவிடுவேன்.

15:20
நிலையம்: "ஏ டெல்சி, திரும்ப ஏன் மூணு பிளேட மாட்டுன? சத்தம் கேக்கே."
என் மோட்டாரில் ஓடுவது நான்கு பிளேடு.
மோட்டாரை நிறுத்தி, படகின் தரையில் ஹெல்மெட்டை வைத்துக் கேட்டேன். மூன்று பிளேடின் சத்தம். பின்னாலிருந்து. கடலில் விழுந்த, சுற்ற மோட்டார் இல்லாத புரொப்பல்லர் அது.

16:05
நான் ஓடினால் அதுவும் ஓடுகிறது. நின்றால், சற்றுப் பின்னால் அதுவும் நிற்கிறது.

16:30
படகுக்கு அடியில் கடந்து முன்னால் போய்விட்டது. போகும்போது அதன் சத்தம் மாறியது. இப்போது நான்கு பிளேடு. என்னுடையதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. நிலையத்தின் திசையில் போகிறது.

16:50
அண்ணனை எச்சரிக்க வேறு வழியில்லை. மோட்டாரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்: மூன்று முறை சின்னதாக, மூன்று முறை நீளமாக, மறுபடி மூன்று முறை சின்னதாக. ஆபத்து என்று அவருக்குப் புரிந்திருக்கும்.
தூரத்தில், முன்னால், அதுவும் அப்படியே செய்தது.

17:08
நிலையம்: "என்ன டெல்சி, விட்டு விட்டு ஓட்டிக்கிட்டு வார? வெளையாடுதியா? வந்ததும் இருக்கு ஒனக்கு. நாலு பிளேடு சத்தம் பக்கத்துல நல்லாக் கேக்கு. கதவத் தொறக்கேன். டீ போட்டு வச்சிருக்கேன்."

நான் இன்னும் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். திறக்காதீர்கள் அண்ணே. திறக்காதீர்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ரேடியோ போகவில்லை.

17:11
நிலையம்: "தொறந்தாச்சு. ஏன் லைட்டு போடாம வார?"

17:12
நிலையம்: "டெல்சி? சத்தம் உள்ள வந்துட்டு. படகு எங்க?"

17:40
பேச்சில்லை.
ஆக்சிஜன் 19:00 வரை. போவதற்கு அந்த ஒரு கதவுதான் இருக்கிறது. மோட்டாரை அணைத்துவிட்டு, துடுப்புப் போட்டுச் சத்தமில்லாமல் போகிறேன்.

17:52
நிலையம்: "நாலு பிளேடு சத்தம் பக்கத்துல நல்லாக் கேக்கு. கதவத் தொறக்கேன். டீ போட்டு வச்சிருக்கேன்."

என் மோட்டார் ஓடவில்லை. குரல் அண்ணனுடையதுதான். அதே வார்த்தை, அதே