பால்மேல் பழி

அன்புத் தங்கச்சிக்கு,

எவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். பிறந்து பதினெட்டே நாளில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நம் பயலின் குடல் புண்ணுக்கு உன் பால்தான் காரணமென்றார் உன் மாமியார். நான் போட்ட கர்ஜனையில் நீடாமங்கலத்தில் மூன்று ரயில்கள் நின்றன. முத்துப்பேட்டைக் கொக்குகள் இலங்கைக்குப் பறந்தன.

"அத்தை, டாக்டரைக் கேட்டேன். நோயை விரட்ட உடம்பு வச்ச காவலே குடலைப் பகைன்னு நெனைச்சு அடிக்குதாம். காவக்காரன் நாத்தை மிதிச்சா, தண்ணி பாய்ச்சுனவளையா திட்டுவீங்க?"

மாமியார் ஏழு காவிரி அழுதார்.

பழியைச் சுமக்காதே. பயலுக்குக் குடல் ஆறும்வரை, டாக்டர் சொன்னபடி பாலைப் பீய்ச்சி எடுத்து வை. பயல் எமனையே எட்டி உதைப்பான்.

ரயில், கொக்கு, கண்ணீர் எல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் உனக்குப் பால் ஊற வேண்டுமென்று அதிராம்பட்டினத்துப் பால்சுறா மீன் வாங்கி உன் மாமியார் செய்த புட்டு, இந்தக் கடிதத்தோடு வரும் தூக்குவாளியில் இருப்பது உண்மை. ஆறுமுன் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் புளுகு அண்ணன்