தத்துவம் படித்தவளுக்கு என்ன வேலை

1986 ஜூன் 9, திங்கள்

காலையில் தூறல். தருமபுரி போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. நீண்ட வரிசை. குமாஸ்தா என் பி.ஏ. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிலாசபியா? சைக்காலஜியாம்மா?"

"பிலாசபிங்க. தத்துவம்."

"இதுக்குன்னு ஆள் கேட்டு எதுவும் வந்ததில்லையேம்மா. டைப் தெரியுமா?"

தெரியாது. அவர் முகத்தில்தான் வருத்தம். எனக்கில்லை. வரலாற்றில் இடம் கிடைக்காமல் தத்துவத்தில் சேர்ந்தவள் நான். இப்போது யாராவது மாற்றித் தருகிறேன் என்றாலும் மாட்டேன்.

அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டே, "அதப் படிச்சா சிஸ்டராத்தான் போவணும்னு மாதா கோயில்ல பேசிக்கிறாங்க. நெசமா ஸ்டெல்லா?"

சாமியாராகப் போகிறவர்கள் தத்துவம் படிப்பார்கள், சரி. அதனால் தத்துவம் படித்தவர்கள் எல்லாரும் மடத்துக்குப் போவார்கள் என்பது தப்பு. விளக்கினேன்.

"அப்போ கல்யாணம் பண்ணிக்குவ?"

அதுவும் தப்பு. இதிலிருந்து அது வராது. முறத்தை வைத்துவிட்டு முறைத்தாள்.

ஜூன் 11, புதன்

வெயில். பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் நேர்முகம். தாளாளர் பெரியவர், மரியாதையானவர்.

"எங்க ஸ்கூல்ல இந்த சப்ஜெக்டே இல்லியே. புள்ளைங்களுக்கு என்னம்மா சொல்லித் தருவ?"

"ஏன்னு கேக்கச் சொல்லித் தருவேன் சார்."

சிரித்துவிட்டார். "அப்பறம் பெத்தவங்க வந்து என்னைய ஏன்னு கேப்பாங்க." காபி கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை.

தக்காளி மண்டியில் அப்பா. கூடைகளை இறக்கிவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"நல்ல கேள்வியாவது கேட்டாங்களா?"

"சுமார்தாம்பா."

"சரி வுடு. நல்ல கேள்வி கேக்கற எடமாப் பாத்துப் போலாம்."

டீக்கடையில் இரண்டு பன். வாங்க நினைத்தவை: ஊக்கு, மை, மண்ணெண்ணெய். மை மறந்து போச்சு. இதைப் பென்சிலில்தான் எழுதுகிறேன்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். ஊருக்கு பஸ் கேட்டு பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம்.

மெயின் ரோட்டுக்கு ஒரு மணி நேர நடை. எட்டாவதுக்கு மேல் படிக்க பாலக்கோடுதான். பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா இந்த மாதம் மகள் ராணியை நிறுத்திவிட்டார். "வழி பூரா காடு. வயசுப் பொண்ண எப்டி தனியா வுடறது?" ராணி கணக்கில் கெட்டி. இப்போது ஆடு ஓட்டுகிறாள்.

பஸ் அதிகாரி வந்தார். எங்கள் மனுவை எழுதித் தந்த வக்கீல் சரோஜா அம்மாவும் தருமபுரியிலிருந்து வந்திருந்தார். அதிகாரி பேச்சை முடிக்கிற அவசரத்தில், "ஜனம் ஏறாத ரூட்ல எப்படிங்க பஸ் வுடறது?"

நான் எழுந்தேன்.

"இந்த ரூட்ல பஸ் ஓடியிருக்குங்களா சார்?"

"இல்ல."

"ஓடாத பஸ்ல ஜனம் ஏறாதுன்னு எப்படிங்க தெரியும்?"

"ஆள் வச்சிப் பாத்தோம்மா. ரோட்டுல யாருமே நிக்கல."

"வராத பஸ்சுக்கு யாருங்க சார் நிப்பாங்க?"

கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு.

அவர் எழுந்து நின்றார். வழியிலுள்ள சிறுபாலம் குறுகல், பஸ் திரும்பாது என்றார். இது நியாயமான காரணம். ஒத்துக்கொண்டேன். "பாலத்த அகலப்படுத்திட்டா வேற தடை இருக்குங்களா?" யோசித்தார். இல்லை என்றார். சோதனையாக ஒரு மாதம் விடுவதாகச் சொன்னார். சரோஜா அம்மா அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

போகும்போது என்னிடம், "என்ன படிச்சிருக்க?"

சொன்னேன். எல்லாரும் வருத்தப்படுகிற இடம். இவர் படவில்லை.

"பாதி வக்கீல் ஆயிட்ட. மீதியையும் படிச்சிடு. சேலத்துல லா காலேஜ் இருக்கு. முடிச்சிட்டு எங்கிட்ட ஜூனியரா வா."

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டில் சண்டை. அம்மா: "இன்னும் படிப்பா? எவன் கட்டுவான்?" அப்பா சோற்றைப் பிசைந்தபடி: "உக்காந்து பேசிக்கிட்டிருந்த ஆபீசரு, இவ கேட்டதும் எந்திரிச்சி நின்னு பதில் சொன்னாரு. நீ பாக்கல."

அம்மா எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மதியம் பாலத்துக்குக் கல் தூக்க ஊரே போனது. நானும். உள்ளங்கை கொப்புளம்.

ஜூலை 7, திங்கள்

இரவு நல்ல மழை, காலையில் சேறு. முதல் பஸ். சேலத்துக்கு விண்ணப்பம் கொடுக்க நானும் கிளம்பினேன். சந்தனம், மாலை, தேங்காய் உடைத்தாயிற்று. ஏறியவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பையோடு ராணி, நான், இன்னும் சிலர். கண்டக்டர் காலி சீட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரிதாகப் பேசிவிட்டோமோ.

பாலம் தாண்டியதும் காட்டு வீடுகளிலிருந்து கைகாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். பால் கேன், தக்காளிக் கூடை, கைக்குழந்தை. அடுத்த வளைவில் இன்னும் ஒரு கூட்டம். கர்ப்பிணி ஒருத்திக்கு எழுந்து இடம் விட்டேன்.

பாலக்கோடு வரை நின்றுகொண்டே போனேன். உட்கார இடமே இல்லை.