கேப்சூலை உடைத்த அண்ணனுக்கு

என் பாசமுள்ள அண்ணே,

உருகி உருகி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

தோட்டத்துக் கோயிலில் தீமிதி முடிந்ததும் நீ என்ன செய்வாய்? கிளினிக்கில் உனக்குத் தந்த கேப்சூலைப் பாதியில் நிறுத்தி, மிச்சம் பிடித்து வைத்திருப்பாய். ஒவ்வொன்றாய் உடைத்து, கொப்புளம் கண்ட கால்களிலெல்லாம் விபூதி மாதிரி தூவுவாய். "சரியாயிரும்லா, போங்க!" தோட்டத்தை மூடி, சனமெல்லாம் ஈப்போ, கமுந்திங் டவுன்களுக்கு வேலைக்குப் போன பிறகும் உன் பொடிக்கு வந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிற தங்கச்சி பேச்சை என்றைக்காவது கேட்டாயா? அது பூஞ்சணம் தந்த மருந்து. ரொட்டியில் பச்சையாய்ப் பூக்குமே, அந்த இனம். அது சுரந்ததைத்தான் மனுஷன் எடுத்து, கொஞ்சம் மாற்றி, கேப்சூலில் அடைத்தான். அதன் நடுவில் மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் நெருக்கியடித்து நிற்கும் சின்னச் சதுர வளையம். எப்போது திறக்கலாம் என்று முறுக்கிக்கொண்டே இருக்கும். கிருமி தன் சுவரைக் கட்ட வைத்திருக்கும் நொதியில் பட்டதும் திறந்து, அதைப் பிடித்துக்கொள்ளும். சுவரில்லாத கிருமி வெடித்துச் சாகும். அரைகுறையாய்க் கொடுத்தால்? அந்த வளையத்தை முந்திக்கொண்டு உடைக்கத் தெரிந்த கிருமிகள்தான் மிஞ்சும், பெருகும்.

சர்க்கரை ஏறி இனிப்புநீர் வந்த உன் கால் புண்ணில் மிஞ்சியது அந்தக் கிருமிதான். டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தாரே, ஒன்றாவது கேட்டதா? அந்தப் புண்ணே உன்னைக் கொண்டுபோயிற்று. ஊர்க் காலையெல்லாம் பார்த்தாயே, உன் காலைப் பார்த்தாயா?

இப்போது அண்ணிக்கும் இனிப்புநீர், காலில் புண். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நேற்று உங்கள் வீட்டுக்குப் போனால், உன் படத்துக்கு முன்னால் தட்டில் கேப்சூல்கள்.

"என்ன அண்ணி இது?"

"காலையில உள்ளத நான் முழுங்கிடுறேன்மா. ராத்திரி உள்ளது உங்க அண்ணனுக்கு. நான் மட்டும் பொழைச்சுக்கணுமா?"

கத்திவிட்டேன். அவர்களை இல்லை, உன் படத்தைப் பார்த்து. செத்த பிறகும் பாதி மருந்தைப் பிடித்து வைத்திருக்கிறாயே, வெட்கமாக இல்லையா? அண்ணி அழுதார்கள், நானும் அழுதேன். இன்று காலை மறுபடி டாக்டரிடம் போய், மருந்தைப் புதிதாய் ஆரம்பித்திருக்கிறோம்.

முடிகிறவரை அண்ணியோடுதான் இருப்பேன், வேளைக்கு வேளை என் கண்முன்னால் முழுங்க வைப்பேன். உனக்குத் தேத்தண்ணி வைக்கிறேன், தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக் வைக்கிறேன், கேட்டதெல்லாம் படைக்கிறேன். அண்ணியை மட்டும் தரமாட்டேன்.

உன்னோடு சண்டை இன்னும் முடியாத தங்கச்சி,
கோமளம்