சித்தி நிறுத்திய மிஷின்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், என் வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீ நாற்காலியே கதி என்று கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படிக்குப் புதுக் கைப்பிடி போட்டாகிவிட்டது, ஆனாலும் என் தோளைத்தான் பிடித்து இறங்குகிறார்.

உன் நாவல் வந்து சேர்ந்தது, இரண்டு முறை படித்துவிட்டேன். கண்காணாத தேசத்துக்குப் போன அந்தப் பெண்ணை ஆளாளுக்கு நீ எந்த ஊர், நீ எந்த ஊர் என்று குடைகிறார்களே, அங்கே எனக்கே கோபம் வந்தது. அதற்கு அவள் என்ன சொல்கிறாள்? சலவைக்கூடத்தில் மிஷினை நிறுத்திவிட்டு என் சித்தி நின்ற இடம்தான் என் ஊர் என்கிறாள். அடிப் பாவி, பத்து மாதம் சுமந்தவள் நான், ஊர் மட்டும் அவளா? புத்தகம் வந்த நாளிலிருந்து உன் சித்திக்குக் கால் தரையில் படவில்லை. எதிர்வீட்டு ஆசிரியர், மருந்துக்கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிறாள். மருந்துக்கடைக்காரர் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்தது நான்தான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், கூடப்பிறந்தவள் மேல் எனக்குப் பொறாமைதான். ஏனென்றால் நாங்கள் இருவரும் வேலை பார்த்த அந்தச் சலவைக்கூடத்தில் அன்று மிஷினை நிறுத்தியது அவள் இல்லை, நான். பெண்கள் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்தால்தான் திறப்பேன் என்ற சூப்பர்வைசரிடம், சாவியக் குடுத்தாத்தான் மிஷின் ஓடும் என்று சொன்னதும் நான். அவள் அன்று காய்ச்சலில் தன் வீட்டில் படுத்திருந்தாள், அது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலையிடத்தில் வம்பு வளர்த்தால் வேலைக்கே அனுப்பமாட்டேன் என்று உன் அப்பா சொல்லி வைத்திருந்தார், அந்தப் பயத்தில் தங்கைதான் நிறுத்தினாள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் வாயாடி, எல்லாரும் நம்பினார்கள். உனக்கும் அதையே சொல்லிச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். போன வாரம் அவளிடமே கேட்டுவிட்டேன். எனக்கும் அப்படித்தான்க்கா ஞாபகம் இருக்கு என்கிறாள்!

ஆனால் ஒன்று கண்ணு. கை நடுங்குவது தெரியாமல் இருக்க ஈரப் போர்வைக்குள் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் அப்பாவிடமோ சித்தியிடமோ உன்னிடமோ ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உன்னைத் துணிக்கூடையில் படுக்க வைத்திருந்தேன். உனக்கு நாலு வயது. தூங்குகிறாய் என்றுதான் நினைத்தேன்.

நீ நூறு வயது நன்றாக இரு, இன்னும் பத்து நாவல் எழுது. அந்தக் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். பதிலில் மற்ற கதையெல்லாம் பிறகு, அன்று நீ விழித்திருந்தாயா என்பதை முதல் வரியில் எழுது.

சித்தி இல்லை,
உன் அம்மா